இறால் முட்டையின் மேல் வாழும் பாக்டீரியா அதை உண்மையில் காக்கிறதா?

கடற்பஞ்சு, இறால் போன்ற முதுகெலும்பற்ற உயிரினங்களின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் சுரக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பொருள்கள் அந்த உயிரினங்களை நோயிலிருந்து காக்கின்றனவா, அவற்றிலிருந்து நமக்கு மருந்து கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். காக்கின்றன என்று துணிந்து சொல்லத்தக்க சான்றுகள் உண்டு. ஆனால் அவை பலரும் எண்ணுவதைவிடக் குறைவு.

முதுநிலைப் படிப்பின்போது கடற்பஞ்சுத் துண்டுகளிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, நோய்க்கிருமி பரப்பிய அகர் தட்டில் (நுண்ணுயிர்களை வளர்க்க உதவும் கூழ் நிரப்பிய தட்டு) வைத்துப் பார்த்தேன். சிலவற்றைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தோன்றியது. 'இந்தப் பாக்டீரியா கடற்பஞ்சைக் காக்கிறது' என்று ஆய்வறிக்கையில் எழுதினேன். என் வழிகாட்டி அந்த வரியை அடித்துவிட்டு, "தட்டில் நடந்ததைத்தான் காட்டியிருக்கிறாய், கடலில் நடப்பதற்குச் சான்று எங்கே?" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. தட்டில் நாம் ஊட்டம் மிகுந்த உணவைக் கொடுத்து ஒரே இனத்தை அடர்த்தியாக வளர்க்கிறோம். அதே பாக்டீரியா பஞ்சின் உடலில், நூற்றுக்கணக்கான பிற இனங்களின் நடுவே, அந்தப் பொருளைச் சுரக்கிறதா, சுரந்தாலும் அது கிருமியைத் தடுக்கும் அளவுக்குச் சேருகிறதா என்பதை வளையம் சொல்லாது.

அந்தச் சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது, கில்-டர்ன்ஸ், ஹே, ஃபெனிக்கல் ஆகிய மூவரும் 1989இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வைத்தான். அவர்கள் எடுத்துக்கொண்டது பாலேமோன் மாக்ரோடாக்டிலஸ் என்ற சிறு இறால். இதன் பெண், முட்டைகளை வயிற்றுப்புறத்து நீந்துகால்களில் ஒட்டவைத்துக்கொண்டு, பொரியும்வரை சுமந்து திரியும். லாஜெனிடியம் காலினெக்டெஸ் என்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர் இத்தகைய முட்டைகளைத் தாக்கி அழிக்கக்கூடியது. இருந்தும் நலமான முட்டைகளின் மேற்பரப்பில் ஆல்டெரோமோனாஸ் வகைப் பாக்டீரியா ஒன்று படர்ந்திருந்தது. அது ஐசாட்டின் என்ற பொருளைச் சுரந்தது. பாக்டீரியாவை நீக்கிவிட்டு நோய்க்கிருமியிடம் விட்டபோது முட்டைகள் விரைவில் மடிந்தன. நீக்கிய பாக்டீரியாவையே மீண்டும் பூசியபோது தேறின. பாக்டீரியாவே இல்லாமல் ஐசாட்டினை மட்டும் கொடுத்த முட்டைகளும் தேறின. இந்த மூன்றாவது படிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் காப்பது பாக்டீரியா வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாலா, அதன் வேதிப்பொருளாலா என்ற ஐயத்தை அதுவே தீர்த்துவைக்கிறது.

இத்தனைக்கும் ஐசாட்டின் அரிய பொருளன்று. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்து, ஏறத்தாழ 1840ஆம் ஆண்டிலேயே வேதியியலாளர்கள் அதைப் பெற்றிருந்தார்கள். 1992இல் அமெரிக்கச் சிங்கி இறாலின் முட்டைகளிலும் இதைப் போன்ற ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அது சுரந்த டைரோசால், ஆலிவ் எண்ணெயிலும் இருக்கும் எளிய பொருள்தான்.

மருந்து பற்றிய கேள்விக்கு வருகிறேன். முதல் தடை வளர்ப்பதில் இருக்கிறது: கடற்பஞ்சுகளில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளர்வதில்லை. தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்ற கடற்பஞ்சின் பல வீரியப் பொருள்களை உண்டாக்குவது என்டோதியோனெல்லா என்ற பாக்டீரியாவே என்பதை, 2014இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்துத்தான் நிறுவ முடிந்தது. வளர்க்க முடிந்த பாக்டீரியாக்களிலிருந்து கிடைத்தவற்றில் நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டு டர்பின்மைசின் என்ற பொருள். ஃபுளோரிடாக் கடலில் எடுத்த, பை போன்ற உடலுடைய எக்டினாசிடியா டர்பினாட்டா என்ற அசிடியன் வகைக் கடல்விலங்கில் வாழ்ந்த மைக்ரோமோனோஸ்போரா பாக்டீரியாவிலிருந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் அதைப் பிரித்து 2020இல் அறிவித்தார்கள். பல மருந்துகளுக்கும் அடங்காத கேண்டிடா ஆரிஸ் பூஞ்சையை அது எலிகளில் கட்டுப்படுத்தியது. பூஞ்சையின் செல்லுக்குள் பொருள்களைக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டில் பங்குள்ள ஒரு புரதத்தை அது முடக்குகிறது என்றும் காட்டினார்கள். எனினும் எலியில் காட்டியது மனிதர்க்கான மருந்தாவதற்கு இன்னும் பல கட்டச் சோதனைகள் தேவை. மேலும், அந்தப் பாக்டீரியா தன்னைத் தாங்கிய அசிடியனைக் காத்ததா என்பதை அறியும் நோக்கில் அந்த ஆய்வு செய்யப்படவில்லை. அதற்கு இறால் முட்டைகளில் செய்ததைப் போல நீக்கியும் மீண்டும் சேர்த்தும் பார்க்க வேண்டும்.