ஆயத்த மரச்சாமான்களில் செட்டிநாட்டுக் கைவேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஏக்கத்திலிருந்து பிறந்தவை. பெரிய வீட்டின் பர்மாத் தேக்குத் தூண்களையும் நிலைகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இன்று வாடகை வீட்டிலும் அடுக்ககத்திலும் கடையில் வாங்கிய மலிவான சாமான்களோடு வாழ வேண்டியிருக்கிறது. அவற்றைத் தம் மனத்துக்கு உகந்தவையாக மாற்றிக்கொள்ள விரும்புகிறார்கள். அது நியாயமான விருப்பம். ஆனால் எந்தச் சாமானையும் அழகு செய்யத் தொடங்குமுன் அதன் பலவீனம் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து சரிசெய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி: மூன்றடி அகலமுள்ள புத்தக அலமாரி வாங்கினோம். ஆறே மாதத்தில் தட்டுகள் நடுவில் தொய்ந்துவிட்டன. பலகை தடிப்பாகத்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்? (காரைக்குடி)

பதில்: தடிப்பைவிடப் பலகைக்குள் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். ஸ்க்ரூ ஓட்டைக்குள் உற்றுப் பாருங்கள். மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டாக இருந்தால், 18 மி.மீ. தடிப்பு இருந்தாலும் மூன்றடி நீளத்துக்குப் புத்தக பாரத்தை அது நெடுநாள் தாங்காது. தட்டைக் கழற்றி, தொய்ந்த வளைவு மேல்நோக்கி இருக்குமாறு திருப்பிப் போடுங்கள். பிறகு ஒன்றரை அங்குல அகலமும் முக்கால் அங்குலத் தடிப்பும் உள்ள தேக்கு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றைத் தட்டின் முன்விளிம்புக்கு அடியில் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, ஃபெவிகால் தடவி, ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் முடுக்குங்கள். ஒரு சட்டத்தின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். தச்சர்கள் உத்தரத்தை எப்போதும் நிறுத்திப் போடுவது இதனால்தான். பலகையின் மேல் வழவழப்பான தாள் ஒட்டியிருந்தால் பசை பிடிக்காது. ரீப்பர் உட்காரும் இடத்தை மட்டும் 80 எண் உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.

அலமாரி பக்கவாட்டிலும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் குற்றம் பெரும்பாலும் ஆணியடித்து நிறுத்திய 3 மி.மீ. பின்தகட்டில்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு 6 மி.மீ. பிளைவுட் வைத்து, சுற்றிலும் ஸ்க்ரூ போடுங்கள். முடுக்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, அளவுகள் சமமாக வரும்வரை சட்டத்தைத் தள்ளிச் சரிசெய்வது அவசியம். இந்த ஒரு வேலையிலேயே அலமாரி புதிதாக மாறியதுபோல் நிற்கும். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைப்பதும் நல்லது, குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம். ஆனால் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய பழஞ்சுவரில் தயவுசெய்து டிரில் வைக்காதீர்கள். ஒருமுறை பெயர்ந்தால் அந்த மெருகை மறுபடி கொண்டுவருவது மிகக் கடினம். அத்தகைய வீட்டில் உயரமான அலமாரியைத் தவிர்த்து, இடுப்பளவு உயரமுள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: சாதாரண டீப்பாய் ஒன்றின் மேல் ஆத்தங்குடிக் கற்களைப் பதிக்க ஆசைப்படுகிறேன். வீட்டிலேயே செய்ய முடியுமா? (தேவகோட்டை)

பதில்: முடியும். எடையை முதலில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் என்பது கையால் வார்த்த சிமெண்டுத் தரைக்கல். சுமார் முக்கால் அங்குலத் தடிப்பில் அது சதுர அடிக்கு ஏறத்தாழ நான்கு கிலோ இருக்கும். எட்டுக்கு எட்டு அங்குலக் கற்கள் ஆறினை மூன்றுக்கு இரண்டாக அடுக்கினால் 24-க்கு 16 அங்குல மேற்பரப்பு கிடைக்கும். எடை பதினோரு கிலோவைத் தொடும். அதனால் கால்கள் சட்டத்தோடு சேரும் நான்கு மூலைகளிலும் உட்புறம் முக்கோணக் கட்டைகளை ஒட்டி முடுக்கிவிட்டுத்தான் கல்லைத் தொட வேண்டும்.

நான் முதன்முதலில் செய்த மேசையில் கற்களை நேரடியாக மரப்பலகையின் மேலேயே சிமெண்டுப் பசையால் ஒட்டி, ஓரங்களையும் இறுக்கமாக அடைத்தேன். அடுத்த கோடையில் இரண்டு கற்கள் குறுக்கே வெடித்தன. மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி அகலத்தில் விரிகிறது, வெயிலில் சுருங்குகிறது. கல் அப்படி அசையாது. எனவே மரப்பலகைக்கு மேல் 12 மி.மீ. பிளைவுட் ஒன்றை வையுங்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளை என்றால் ஈரத்துக்கு அஞ்ச வேண்டாம். அதை மரத்தோடு ஒட்டாமல், அடியிலிருந்து சற்றுப் பெரிய ஓட்டைகள் வழியாக ஸ்க்ரூவால் மட்டும் பிணைத்து, கற்களை அதன்மேல் சிலிக்கான் பசையால் ஒட்டுங்கள். சுற்றி வைக்கும் மரச்சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி விட்டு, அதையும் சிலிக்கானாலேயே நிரப்புங்கள்.

தரையில் உள்ள ஆத்தங்குடிக் கல் தினந்தோறும் துடைத்தும் நடமாடும் கால்கள் பட்டும்தான் பளபளப்பு ஏறுகிறது. மேசைக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாறாகத் தேநீரும் மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் சிந்தும். சிமெண்டை அமிலம் அரிக்கும் என்பதால், ஒட்டிய மறுவாரம் கல்லுக்கான சீலரை (கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு) இரண்டு முறை பூசிவிடுங்கள்.

கேள்வி: பூர்விக வீட்டைப் பிரித்தபோது, நிலைக்கு மேலிருந்த கஜலட்சுமி செதுக்கிய தேக்குப் பலகை எங்கள் பங்குக்கு வந்தது. அதை இரண்டாக அறுத்து, புதிதாக வாங்கிய அலமாரியின் இரு கதவுகளிலும் பதிக்கலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: வேண்டாம். இதை ஆலோசனையாக மட்டுமல்ல, வேண்டுகோளாகவும் சொல்கிறேன். அந்தப் பலகை ஒரு மனிதர் உளியும் கொட்டாப்பிடியும் கொண்டு பொறுமையாகச் செய்த வேலை. உங்கள் வீட்டு வாசலைக் கடந்து போன மணமக்களையும் குழந்தைகளையும் அது தலைமுறைகளாகப் பார்த்திருக்கிறது. நடுவே வாள் ஓடினால் உருவமும் போகும், விலைமதிப்பும் போகும். வேலை நோக்கிலும் இது பொருந்தாது. ஒன்றரை அங்குலத் தேக்கு சதுர அடிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. பார்ட்டிக்கிள் போர்டுக் கதவின் கீல்கள் 35 மி.மீ. குழியில் சிறு ஸ்க்ரூக்களால் மட்டுமே பிடித்துக்கொண்டிருப்பவை. கூடுதல் பாரத்தில் பிய்ந்து வந்துவிடும்.

பலகையை முழுதாகவே கூடத்துச் சுவரில், இரண்டு வலுவான கொக்கிகளில் மாட்டுங்கள். சுத்தம் செய்யக் காஸ்டிக் சோடாவோ உப்புத்தாளோ கூடாது. மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, டர்பன்டைன் தொட்ட பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தாலே போதும்.

அலமாரிக் கதவுக்கு வேறு வழி இருக்கிறது. விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குலத் தேக்கு பீடிங்கை (அலங்கார மரப்பட்டி) 45 பாகையில் மூலை சேர்த்துச் சட்டம்போல ஒட்டுங்கள். மேலே சிறு கட்டமும் கீழே நீண்ட கட்டமுமாகப் பிரித்தால், தட்டையான கதவு பழைய கதவின் சாயலைப் பெறும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைக் கைப்பிடிகளும் வளையங்களும் உதிரியாகக் கிடைக்கும். கடைச் சாமானின் கைப்பிடி ஓட்டைகள் வழக்கமாக 96 அல்லது 128 மி.மீ. இடைவெளியில் இருக்கும், பழைய பித்தளை அதற்குப் பொருந்தாது. அந்த ஓட்டைகளை மறைக்கும் அளவுக்கு நீண்ட பித்தளைத் தகட்டை அடியில் கொடுத்து வளையத்தை மாட்டுங்கள்.

கேள்வி: வெளிர் நிற ரப்பர் மரச் சாப்பாட்டு மேசைக்குத் தேக்கு நிறம் ஏற்றி, அரக்குப் பாலிஷ் போடலாமா? (பள்ளத்தூர்)

பதில்: நிறம் ஏற்றலாம், சாப்பாட்டு மேசைக்கு அரக்குப் பாலிஷ் மட்டும் வேண்டாம். அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் வெளுத்து, சுடு காபி டம்ளரின் வட்டத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். மேசைக்குப் பாலியூரிதேன் பூச்சும், அதிகம் கை படாத பெட்டிகளுக்கும் சட்டங்களுக்கும் அரக்கும் ஏற்றவை. ஆலையில் பூசிய பூச்சு இருக்கும்வரை எந்தச் சாயமும் உள்ளே இறங்காது என்பதால் 120, 180, 220 எண் உப்புத்தாள்களை இதே வரிசையில், மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துப் பழைய பூச்சை முழுவதும் எடுங்கள். சாயத்தை முதலில் மேசையின் அடிப்புறத்தில் பூசி, காய்ந்த நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

கேள்வி: திறந்த தட்டு அலமாரிக்குக் கதவு வைக்கச் செலவு அதிகமாகிறது. மாற்று உண்டா? (கோட்டையூர்)

பதில்: பனையோலையில் முடைந்த கொட்டான்களை, அதாவது கூடைகளை, இழுப்பறைகளைப்போல வையுங்கள். தட்டின் உள் அளவில் அகலத்துக்கு ஓர் அங்குலமும் உயரத்துக்கு இரண்டு அங்குலமும் குறைத்துச் சொல்லி முடையச் செய்தால் எடுக்கவும் வைக்கவும் எளிதாயிருக்கும். ஓலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வெயில் காட்ட வேண்டும். பின்தகட்டுக்கு நைந்த கண்டாங்கிச் சேலையின் நல்ல பகுதியைப் பொருத்தினால் அந்தக் கட்டங்களின் நிறம் மரத்தோடு நன்றாகச் சேரும். மைதாப் பசை தடவாதீர்கள், பூச்சி வரும். மெல்லிய ரீப்பரால் நான்கு ஓரங்களையும் அழுத்திப் பிடிக்கச் செய்தாலே போதும்.

கேள்வி: தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கிறோம். கட்டில், அலமாரிகளின் கால்கள் ஊதிப்போகின்றன. (புதுவயல்)

பதில்: கால்களின் அடிப்பாகம் பூச்சில்லாமல் இருப்பதே காரணம். சாமானைச் சாய்த்து, அடியை நன்கு காயவைத்து, எனாமல் பெயிண்டை மூன்று முறை பூசி, அரை அங்குல ரப்பர் குமிழ் ஒன்றை ஸ்க்ரூவால் பொருத்துங்கள். ஏற்கெனவே ஊதிய பார்ட்டிக்கிள் போர்டு பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தப் பகுதியை அறுத்தெடுத்துவிட்டு வேப்பங்கட்டை வைத்து உயர்த்த வேண்டும்.

கேள்வி: புதிதாக வாங்கிய நாற்காலியின் கீழே வெள்ளை மாவுபோல் கொட்டுகிறது. (கண்டனூர்)

பதில்: மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை அது. ரப்பர் மரத்தைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தாமல் விற்றால் இப்படி நேரும். முதலில் நாற்காலியை மற்றச் சாமான்களிடமிருந்து விலக்கி வையுங்கள். பழந்தேக்கிலும் வெளிர்நிறமான வெளிமரப் பகுதியை இவை விடுவதில்லை. துளைகளை மெழுகால் அடைத்து, நாற்காலிக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் கவனியுங்கள். புதிய மாவு விழுந்தால் பூச்சி உயிரோடிருக்கிறது என்று பொருள். அப்போது ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய் மாற்றித் தரக் கேளுங்கள்.