பலகை முறிவது கையின் குற்றமல்ல

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 47 வயது. சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறோம். வெள்ளிக் கொலுசின் கண்ணிகளைப் பொடி வைத்து, சுடரை ஊதிப் பற்றவைக்கும் வேலையை வீட்டிலேயே பல வருஷமாகச் செய்கிறேன். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் போன தீபாவளிக்கு வந்தபோது ‘விக்டரி’ என்ற பழைய போர்க்கப்பலின் மர மாடல் கிட் வாங்கி வந்தான். 1:98 அளவு. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கப்பல் என்றால் உயிர் என்று அவனுக்குத் தெரியும். எலும்புக்கூடு வரை ஒட்டிவிட்டேன். மேலே பலகை ஒட்டும்போது முன்பக்க வளைவில் முறிகிறது. முறியாதவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஃபெவிகால் காய்ந்துவிட்டதால் பிரிக்கவும் வரவில்லை. “இந்த வயசுல பொம்மைக் கப்பல் எதுக்கு, கண்ணுதான் கெடும்” என்கிறார் வீட்டுக்காரர். கடலையே நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். எனக்கு இது சரிவருமா? பெட்டியைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடவா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: அன்புச் சகோதரி, பரண்மேல் போடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இந்த வேலைக்கு இவ்வளவு பொருத்தமான கை நம் ஊரில் இன்னொன்று கிடைப்பது கடினம் என்பதுதான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பலகையைப் பார்ப்போம்.

உங்கள் பலகை முறிவதற்குக் காரணம் கையும் இல்லை, வயதும் இல்லை. கப்பலின் வயிறு நடுவில் பருத்திருக்கிறது, மேல்தளத்திலிருந்து அடிக்கட்டை வரை அளந்தால் சுற்றளவு அங்கே அதிகம். முன்பக்கத்துக்கு, கடலோரத்தில் அணியம் என்பார்களே, அங்கே வந்தால் அதே சுற்றளவு வெகுவாகக் குறைந்துவிடும். கிட்டில் வரும் பலகைப் பட்டைகளோ முனைக்கு முனை ஒரே அகலம். நடுவில் கச்சிதமாக உட்காரும் அத்தனை பட்டைகளுக்கும் முன்னால் இடம் இருக்காது. இடம் இல்லாததால்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. ஏறாமல் இருக்க நீங்கள் பக்கவாட்டில் அழுத்தி வளைக்கிறீர்கள், முறிகிறது. மெல்லிய பலகை எதுவும் தட்டையான பக்கமாக வளையும், விளிம்புப் பக்கமாக வளையாது. ஏற்காட்டு ஆரஞ்சை உரித்து ஒரு சுளையைப் பாருங்கள்: நடுவில் அகலம், இரு முனையிலும் குறுகல். அப்படிக் குறுகியிருப்பதால்தான் சுளைகள் சேர்ந்து உருண்டையாகின்றன. பலகையையும் அப்படித்தான் சீவ வேண்டும்.

எவ்வளவு சீவுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எலும்புக்கூட்டில் குறுக்கே நிற்கும் துண்டுகள்தான் சட்டங்கள். ஒரு காகிதப் பட்டையை நடுச் சட்டத்தின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஒட்டிப் பிடித்து நீளத்தைக் குறியுங்கள். 12 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டை 5 மி.மீ. அகலம் என்றால் 24 பலகை வேண்டும். அதே காகிதத்தால் முதல் சட்டத்தை அளங்கள். அங்கே 7.2 செ.மீ.தான் என்றால், 24 பலகைக்கும் அதற்குள்தான் இடம், ஒன்றுக்கு 3 மி.மீ. ஆகவே ஒவ்வொரு பலகையும் நடுவில் 5, முன்னால் 3. இடையில் உள்ள சட்டங்களிலும் இப்படியே அளந்து, சட்டத்தின் விளிம்பிலேயே பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். பாதி அகலத்துக்கும் கீழே சீவ வேண்டிய நிலை வந்தால் சீவாதீர்கள். ஊசிமுனை மாதிரிப் போன பலகை நிற்காது. அந்த இடத்தில் இரண்டு பலகையை நிறுத்தி ஒரே பலகையாக முன்னால் கொண்டுபோக வேண்டும். உண்மையான கப்பல் தச்சர்களும் அதைத்தான் செய்தார்கள். பின்பக்கத்தில் இது தலைகீழாக நடக்கும்: இடைவெளி விரியும், நடுவில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு சேர்க்க வேண்டிவரும்.

சட்டங்களின் விளிம்பை அரத்தால் சாய்வாகத் தேய்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வெட்டி வந்தபடியே விட்டால் பலகை விளிம்பின் ஒரு முனையில் மட்டும் தொட்டு நிற்கும், பசைக்குப் பிடிப்பு இருக்காது. ஒரு பட்டையைச் சும்மா வைத்துப் பார்த்து, ஒவ்வொரு சட்டத்திலும் முழு விளிம்பும் படியும்வரை தேய்க்க வேண்டும். விக்டரியின் முன்பக்கம் மிகவும் மொண்ணையானது, திடீரென்று திரும்பும். அதனால் முதல் இரண்டு மூன்று சட்டங்களுக்கு நடுவே பேக்கிங் பெட்டியில் கிடைக்கும் பைன் கட்டையை வெட்டி ஒட்டி, வளைவுக்கேற்பச் செதுக்கிவிடுங்கள். பலகை அந்தரத்தில் வளையாமல் முழுக்க ஒரு தரைமேல் படுக்கும். பாதி முறிவு இதிலேயே நின்றுவிடும்.

வளைப்பதற்கு: பட்டையை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சூடான சால்டரிங் இரும்பின் தண்டில் மெல்ல உருட்டி வளையுங்கள். வளைந்ததைக் கப்பலில் பசையில்லாமல் கிளிப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் எடுத்தால் அந்த உருவத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகுதான் பசை. பலகையை வளைக்கிற வேலையைப் பசையிடம் விடக்கூடாது. இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் அடிக்கட்டை கோணிக்கொள்ளும், பிறகு நிமிர்த்த வழியே இல்லை.

ஏற்கெனவே ஒட்டியதைப் பிரிக்கலாம். மருந்துக் கடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கேளுங்கள். தூரிகையால் இணைப்பில் தடவிச் சிறிது நேரம் விட்டு, மெல்லிய பிளேடை நுழைத்தால் ஃபெவிகால் பிடி விடும். பொறுமையாக, திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: அது பெட்ரோல் மாதிரிப் பற்றக்கூடியது. நீங்கள் ஊதுகிற இடத்தில், விளக்கு எரியும் அறையில் அதைத் திறக்கவே கூடாது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய இடம் இருந்தால் அதற்கு அசிட்டோன். அதுவும் நெருப்புக்கு ஆகாது.

இவ்வளவும் ஏன் பெட்டியோடு வரும் தாளில் இல்லை என்று கேட்பீர்கள். பெரும்பாலான கிட்டுகளில் படம் இருக்கும், காரணம் இருக்காது. அதனால் கை வேலையை நிறுத்திவிட்டுச் சில நாள் அந்த வரைபடத் தாளைத் தரையில் விரித்து வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு துண்டும் உண்மைக் கப்பலில் எதற்காக இருந்தது என்று தெரிந்த பிறகு கத்தியை எடுங்கள். நுணுக்கம் என்று நாம் வியப்பது பாதிக்குமேல் இந்தப் புரிதல்தான்.

கடலை இரண்டு தடவைதான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு குறையே இல்லை, தாள்தான் முக்கியம். பம்பாய்க் கப்பல்துறையில் வாடியா குடும்பத்துத் தச்சர்கள் ஆங்கிலேயக் கடற்படைக்குக் கட்டிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல், முழுக்க நம் மலபார் தேக்கு. அதன் வரைபடம் இங்கிலாந்திலிருந்து ‘ஜாவா’ என்ற கப்பலில் புறப்பட்டது. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலிடம் ஜாவா தோற்று எரிந்துபோக, தாள்களும் போயின. மறுபடி வரைந்து அனுப்பினார்கள். 1817 அக்டோபரில் கப்பல் தண்ணீரில் இறங்கியது. இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. தாள் வந்து சேரும்வரை அந்தக் கைதேர்ந்த தச்சர்களும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. தாளைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கொண்டலாம்பட்டியும் கப்பல்துறைதான். விக்டரியை முடித்த பிறகு உங்களுக்கு இன்னொரு கப்பல் வேண்டும் என்று தோன்றினால் டிரிங்கோமலியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் ஆசை.

இனி உங்கள் கை. பெரிய பாய்மரங்களை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் தடித்த கயிறுகள் ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று துளை போட்ட வட்டக் கட்டை ஒன்று இருக்கும். அதை இரும்பு வளையம் சுற்றிப் பிடித்து, இரும்புச் சங்கிலிப் பட்டையால் கப்பலின் பக்கத்தோடு சேர்த்திருக்கும். கிட்டில் இதற்கு ஒரு பித்தளைக் கம்பியைக் கொடுத்து முறுக்கிவிடச் சொல்வார்கள். முறுக்கிய இடத்தில் இடைவெளி வாய் பிளந்து நிற்கும், எத்தனையோ நல்ல மாடல்களில் கண்ணை உறுத்துவது இதுதான். மற்றவர்கள் வருஷக்கணக்கில் பழகியும் அந்த இணைப்பைச் சுத்தமாகப் பற்றவைக்கத் திணறுகிறார்கள். சலங்கைக் கண்ணியைச் சாமணத்தில் பிடித்துப் பொடி வைத்து ஒரே ஊதில் மூடுகிறவர் நீங்கள். அந்த வேலையை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். காட்மியம் கலந்த பொடி மட்டும் வேண்டாம், அதன் புகை நுரையீரலுக்குக் கேடு. காட்மியம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள், சன்னலைத் திறந்து வைத்து ஊதுங்கள்.

கம்பி இழுக்கும் துளைத்தகடு உங்கள் தெருவில் எந்தப் பட்டறையிலும் இருக்கும். மூங்கிலைச் சன்னமாகக் கீறி அதன் துளைகளில் பெரியதிலிருந்து சிறியதாக இழுத்தால் மெல்லிய மூங்கில் கம்பி கிடைக்கும். பழைய கப்பல்களில் பலகையைச் சட்டத்தோடு பிணைத்த மர ஆணிகளுக்கு மாடல்காரர்கள் உலகமெங்கும் பயன்படுத்துவது இதைத்தான். ஆனால் அளவை நினைவில் வையுங்கள். உண்மை மர ஆணி ஏறக்குறைய ஒன்றரை அங்குலத் தடிமன். 98-ல் ஒரு பங்கு என்றால் 0.4 மி.மீ.கூட முழுதாக வராது. கிட்டில் வரும் பித்தளை ஆணியின் தலை 1 மி.மீ. இருந்தால், உண்மைக் கப்பலில் அது 10 செ.மீ. அகலக் குமிழ்! வேலை தெரியட்டும் என்று அப்படிப்பட்ட ஆணிகளை வரிசையாக அடித்துப் பளபளக்கவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. 98-ல் ஒரு பங்கில் தெரியக்கூடாதது தெரியாமல் இருப்பதும் நுணுக்கம்தான். பலகை காயும்வரை ஆணியால் பிடித்துவைத்து, காய்ந்ததும் பிடுங்கிவிடுங்கள்.

மரத்துக்கும் வெளியே அலைய வேண்டாம். கயிறு ஓடும் கப்பிகள் கிட்டோடு வருபவை பெரும்பாலும் சதுரமாக, உயிரில்லாமல் இருக்கும். நீங்களே செதுக்கலாம். ஐரோப்பாவில் இதற்குப் பேரி மரத்தைக் கொண்டாடுகிறார்கள். சேர்வராயன் மலையில் பேரிக்காய் மரமும் உண்டு, ஆரஞ்சு உண்டு, கொய்யா உண்டு. காபிச் செடியின் அடித்தண்டும் கெட்டியானது, இழை மிக நெருக்கம். சில்வர் ஓக் வேண்டாம், அதன் ரேகை இந்தச் சிறிய அளவுக்குப் பெரிதாகத் தெரியும். பறிப்பு முடிந்து எஸ்டேட்டுகளில் கவாத்து வெட்டும்போது கேட்டால் விறகுக்குப் போகிற கிளையில் கைப்பிடி அளவு கொடுப்பார்கள். கேட்காமல் எடுக்காதீர்கள். பட்டையை உரித்து, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, வெட்டுமுனைகளில் பெயின்ட் பூசி நிழலில் போடுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாகப் போனால் வெடிப்பு விழும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நீங்கள் கப்பி செய்யும் கட்டத்துக்கு வருவதற்குள் காய்ந்திருக்கும், அவசரமில்லை.

வீட்டுக்காரர் சொன்னதைப் பற்றி. கண்ணைப் பற்றி அவர் கவலைப்படுவது நியாயம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பகல் முழுக்கச் சுடரையும் சிறு கண்ணியையும் பார்த்த கண்ணோடு ராத்திரியில் இதற்கு உட்காராதீர்கள். 47 வயதில் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் குறைந்திருக்கும், கண் மருத்துவரிடம் ஒரு முறை சோதித்துக்கொண்டு கண்ணாடி போட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். வேலை இல்லாத நாளில், காலை வெளிச்சத்தில், அரைமணி நேரம் போதும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டுங்கள்.

ஆனால் ‘பொம்மை’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நெப்போலியன் காலப் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளை இங்கிலாந்தில் நார்மன் கிராஸ் என்ற முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டில் வந்த இறைச்சியின் எலும்பைச் சேர்த்துச் சுத்தம் செய்து, அதை இழைத்துப் பலகையாக்கி, அவர்கள் போர்க்கப்பல் மாடல்கள் செய்தார்கள். முகாம் வாசல் சந்தையில் விற்றுக் காசு பார்த்தார்கள். அவை பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இப்போதும் இருக்கின்றன. அந்தக் கைதிகள் செய்ததை இருநூறு வருஷம் கழித்தும் ஆட்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம், அவரையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான விக்டரியில் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் கயிறு இருந்தது. 98-ல் ஒரு பங்கு என்றால் 400 மீட்டருக்கு மேல். கிட்டில் வரும் நூல் அநேகமாகப் பஞ்சு நூல், பிசிர் தெரியும், காற்றின் ஈரம் கூடிக் குறையும்போது தொய்யும். ஏற்காட்டு மூடுபனியில் வைத்த மாடல்களில் கயிறெல்லாம் தளர்ந்து தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மெல்லிய பாலியஸ்டர் இழை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் உண்மைக் கயிறு. எந்த இழை, எவ்வளவு முறுக்கு என்பது தறிக்காரருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. பாய்மரத்தைத் தாங்கி அசையாமல் நிற்கும் கயிறுகள் தார் பூசியவை, கறுப்பு வேண்டும். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் சணல் நிறம். இரண்டு நிறத்தில் முறுக்கித்தரச் சொல்லுங்கள். தேன்மெழுகில் ஒரு முறை இழுத்தால் பிசிர் படிந்துவிடும்.

தறி ஓடும் வீட்டில் பஞ்சுத்தூசி பறக்கும். கயிறு கட்டிய பிறகு தூசி துடைக்க முடியாது. அதனால் கண்ணாடிப் பெட்டிக்கு இப்போதே இடம் பார்த்து வையுங்கள். காற்றுப்போகப் பெட்டியில் சிறு துளைகள் விட வேண்டும்.

முதலில் முன்பக்கத்துப் பலகைகளை மட்டும் பிரியுங்கள், நடுப்பகுதி நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். பிரித்ததும் மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், முதல் சட்டத்தின் விளிம்பு தெரிகிற மாதிரி அருகிலிருந்து ஒரு படம் எடுத்து, காகிதப் பட்டையில் வந்த அளவுகளோடு அனுப்புங்கள். எந்த இடத்தில் இரண்டு பலகையை ஒன்றாக்குவது என்று குறித்து அனுப்புகிறேன்.