வந்தாறுமூலை பேராசிரியர் விளம்பரம்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துப் பண்டைய இந்தியக் கற்கைகள் பேராசிரியர் பதவிக்கு இரண்டு தரம் விளம்பரம் போட்டும் சாசனம் (பழைய கல்வெட்டு) வாசிக்கத் தெரிந்தவர் வரவில்லை என்கிறீங்க. 'பண்டைய இந்தியக் கற்கைகள்' என்று மட்டும் போட்டால் மெய்யியல்காரரும் வருவார், சமயக்காரரும் வருவார். பிராமி எழுத்தோடு பிராகிருதம், பாளி, சமஸ்கிருதத்தில் இரண்டு கட்டாயம் என்று எழுதுங்க. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஆட்சேர்ப்புத் திட்டத்துக்கு அது முரணா என்று பதிவாளரிடம் முதலிலேயே கேளுங்க. பல்கலைக்கழகப் பேரவைக்குப் போன பிறகு திரும்பி வந்தால் மாதக்கணக்கில் இழுபடும்.

நேர்முகத்தில் ஏற்கெனவே அச்சில் வந்த சாசன வாசகத்தைக் கொடுக்காதீங்க. கிர்னார் அசோகன் சாசனம் பலருக்கும் மனப்பாடம். அம்பாறைப் பக்கத்துக் குகைத் தானக் கல்வெட்டொன்றின் மைப்படியை (கல்லில் தாளை ஒற்றி மையால் எடுத்த பிரதியை) வாசிக்கக் கொடுங்க. 'பருமக' (தலைவன்), 'லேண' (குகை) போன்ற சொற்களை எல்லாரும் பிடிச்சிடுவாங்க. சிதைந்த ஆட்பெயரில்தான் ஆள் தெரியும். ஊகத்தை ஊகம் என்று சொல்பவருக்கே புள்ளி.

பரிந்துரைப்போர் விண்ணப்பதாரரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவராக இருக்கக்கூடாது. வயதையும் பாருங்க: ஓய்வு 65இல்.