பல பண்பாட்டு மக்கள் கலந்து வாழும் இந்தக் காலத்தில் தத்துவத்துக்கு என்ன வேலை?

எல்லாரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவரும் வேலையைத் தத்துவத்திடம் கொடுத்தால் அது தோற்றுத்தான் போகும். எல்லாருக்கும் பொது என்று நாம் நினைக்கும் ஒரு சொல்லுக்குள் யாருடைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அங்கே கெட்டி.

ஐ.நா.வின் 1948 மனித உரிமைப் பிரகடனத்தையே பாருங்கள். முதல் பிரிவில், மனிதர்கள் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று சேர்க்கச் சொன்னது பிரேசில். சீனப் பிரதிநிதி பி.சி. சாங் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதகுலத்தில் பெரும்பங்கு எங்கள் நாட்டில் இருக்கிறது, எங்கள் மரபு வேறு, அதை எழுதுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லையே, நீங்களும் அப்படியே இருங்கள் என்பதுதான் அவர் வாதம். கடவுள் உள்ளே வரவில்லை.

அதே பிரிவில் மனிதர்களுக்குப் பகுத்தறிவு உண்டு என்று மட்டும் சொன்னால் போதாது, சீன ஞானி கன்பூசியஸின் மரபில் வரும் 'ரென்' என்ற கருத்தும் வேண்டும் என்றார் சாங். அதை எழுதும் சீன எழுத்தில் 'மனிதன்', 'இரண்டு' என்ற இரண்டும் சேர்ந்திருக்கும், அதாவது எதிரில் இருப்பவனை உணர்வது. ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல் இல்லை, கிடைத்த 'conscience' என்ற சொல்லைப் போட்டார்கள், அது தமிழில் 'மனச்சாட்சி' ஆகிவிட்டது. இரண்டு பேருக்கு நடுவில் இருந்த விஷயம் ஒருத்தர் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

சரி, 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் நடுநிலை என்று நிறைவேறியது. இந்த உரிமைகளில் எங்களுக்குச் சம்மதம், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று நேரெதிர் கொள்கை உள்ளவர்கள் சொன்னதாகப் பிரெஞ்சுத் தத்துவவாதி ஜாக் மாரித்தேன் பதிவு செய்திருக்கிறார். ஓட்டுப் போட அது போதும். அப்புறம் புதிதாக ஒரு சிக்கல் வந்தால்?

நாங்கள் 5 பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தபோது முட்டைக்குத் தனிச் சட்டி என்று பேசி வைத்திருந்தோம், காரணம் யாரும் கேட்கவில்லை, நிம்மதியாக ஓடியது. ஃபிரிட்ஜ் வாங்கியதும் அதில் முட்டை வைப்பதில் சண்டை. உட்கார்ந்து பேசினால்தான் தெரிகிறது, ஒருவனுக்கு அது ஆசாரம், இன்னொருவனுக்கு வெறும் வாடை. வாடைக்காரனுக்கு மூடி போட்ட டப்பா போதுமாக இருந்தது. ஆசாரக்காரனுக்கு மேல்தட்டைத் தனியாக ஒதுக்கினோம்.