எக்ஸாஸ்ட் ஃப்ளாப் சத்தம்: கழற்ற வேண்டாம்

நண்பரே, துறைமுகத்துக்குள் படகைக் கட்டியிருக்கும்போது பின்பக்க எக்ஸாஸ்ட் ஃப்ளாப் (எஞ்சின் புகைக்குழாய் வாயில் கீலில் தொங்கும் மூடி) இரண்டும் ராத்திரியெல்லாம் டக் டக்கென்று அடிக்கின்றன, கழற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். பின்னாலிருந்து வரும் அலை குழாய்க்குள் ஏறாமல் தடுப்பதே அந்த மூடிதான். தண்ணீர் சிலிண்டர் வரை போய்விட்டால் அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு (பிஸ்டனோடு இணைந்த தண்டு) வளையக்கூடும், அந்தச் செலவுக்கு முன்னால் இந்தச் சத்தம் ஒன்றுமே இல்லை.

முதலில் மூடியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கீல் லொடலொடவென்று ஆடினால் கீலின் ஊசியும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் (உறை வளையம்) தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். ஊசி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், நம்ம ஊர் உப்புக்காற்றில் 304 ரகம் சீக்கிரம் கறைபிடிக்கும். கீல் இறுக்கமாக இருந்தால், உலோகம் உலோகத்தில் மோதுகிற சத்தம்தான் அது. மூடியின் உள்பக்கம் 3 மி.மீ. நியோபிரீன் (செயற்கை ரப்பர்) ஷீட்டை வெட்டி ஒட்டுங்கள், சென்னை பாரிமுனைப் பக்கக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முழு ரப்பர் ஃப்ளாப்பே போட்டால் இன்னும் நல்லது, எனக்கு அதற்கப்புறம்தான் படகில் தூக்கம் வந்தது. ஆனால் புகையோடு தண்ணீரும் கலந்து வருகிற எக்ஸாஸ்டாக இருந்தால்தான் ரப்பர் தாங்கும், வெறும் சூட்டில் கருகிவிடும்.

கயிறு போட்டு மூடிக் கட்டுகிற யோசனை வேண்டவே வேண்டாம், அவிழ்க்க மறந்து எஞ்சினைப் போட்டால் புகை போக வழியிருக்காது. அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள்.