ஜூஸா, பழமா? ஒரு வீட்டுக்கு மூன்று பதில்

கேள்வி: பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, நாள் முழுக்க ஜில்லென்று ஏதாவது கேட்கிறார்கள். மாமியாருக்கு 62 வயது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். மாமனாருக்கு கிரியாட்டினின் 2.3, பிரஷருக்கு டெல்மிசார்டன். போன வாரம் மாமியார் வெயிலில் போய்வந்து தலைசுற்றுகிறது என்றார். ஒரு பெரிய டம்ளர் சாத்துக்குடி ஜூஸ் கொடுத்தேன், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 290. எல்லோருக்கும் பொதுவாகப் பழத்தில் என்ன செய்து தரலாம்? இளநீராவது எல்லோருக்கும் நல்லதுதானே? (வாசகி, மதுரை)

பதில்: இளநீர் எல்லோருக்கும் நல்லதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமனாருக்கு வேண்டாம், கிரியாட்டினின் 2.3 என்றால் அவருடைய சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். 100 மில்லி இளநீரில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, ஒரு காயில் 300 மில்லி தண்ணீர் என்றால் ஒரு வாழைப்பழத்தைவிட அதிகம். நம் சிறுநீரகம் அதைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும், அவருடையது அப்படிச் செய்யாது, போதாததற்கு டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைக்கிற மாத்திரை. பொட்டாசியம் ஏறினால் பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது, நேராக இதயத் துடிப்பில்தான் கைவைக்கும். கடைசியாக எப்போது பொட்டாசியம் டெஸ்ட் எடுத்தீர்கள் என்று பாருங்கள். அப்புறம், பிரஷருக்கு நல்லது என்று யாராவது சோடியம் குறைந்த உப்பு வாங்கித் தந்திருந்தால் அதையும் நிறுத்துங்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் சேர்த்திருப்பார்கள். அவருக்கு ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்து ஒரு சின்னக் கிண்ணம் கொடுங்கள், போதும். தண்ணீர் அளவு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவருடைய டாக்டர் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கில் ஜூஸ், மோர், ஐஸ் எல்லாமே சேரும்.

இப்போது மாமியார். சாத்துக்குடி கெட்டது இல்லை. ஒரு பெரிய டம்ளருக்கு மூன்று நான்கு பழம் பிழிந்திருப்பீர்கள், அதில் மட்டும் 15, 20 கிராம் சர்க்கரை, மேலே மூன்று ஸ்பூன் போட்டிருந்தால் இன்னும் 15 கிராம். அவரை உட்காரவைத்து நான்கு சாத்துக்குடியை உரித்துச் சாப்பிடச் சொன்னால் இரண்டாவது பழத்திலேயே போதும் என்றிருப்பார். பிழிந்து வடிகட்டும்போது நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது, மிச்சம் இருக்கும் இனிப்பு மடமடவென்று ரத்தத்தில் ஏறுகிறது. ஜூஸில் இருக்கும் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனமும் டப்பாவிலிருந்து எடுத்துப் போடும் சர்க்கரையோடுதான் சேர்த்துக் கணக்கிடுகிறது, இரண்டும் சேர்ந்து நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் என்று மாற்றிப் போட்டாலும் குளுக்கோமீட்டர் ஏமாறாது!

அதனால் என் பதில் சுருக்கமானது: பழத்தைப் பழமாகவே குளிரவைத்துக் கொடுங்கள். தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், சர்க்கரைக்காரர்கள் அதைத் தொடவே கூடாது என்பது தேவையில்லாத பயம். 150 கிராம் துண்டில் ஒன்பது கிராம் அளவுதான் சர்க்கரை. விதையை எடுத்துவிட்டு முள்கரண்டியால் கிண்ணத்திலேயே லேசாக நசுக்குங்கள், பாதி சாறு, பாதி துண்டு என்று நிற்க வேண்டும். அரை மூடி எலுமிச்சை, நான்கு புதினா இலை, இருபது நிமிடம் ஊறிய சப்ஜா ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். சர்க்கரை வேண்டியே இருக்காது, குடித்துப் பாருங்கள்.

அப்புறம் நுங்கு. மதுரையில் இருந்துகொண்டு இந்த சீசனில் நுங்கை விட்டுவிட்டு ஸ்ட்ராபெரி ஷேக் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே குழைந்து கொடுக்க வேண்டும், கடிக்கும்போது நடுவிலிருக்கும் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், அதுதான் இளசு. முற்றினது வேண்டாம், பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கும். தோல் உரித்துத் துண்டாக்கி, காய்ச்சி ஆறவைத்த குளிர்ந்த பாலில் ஏலக்காய்த் தூளோடு போட்டால் மாமியாரும் பேரப் பிள்ளைகளும் ஒரே கிண்ணத்திலிருந்து சாப்பிடலாம்.

பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் நன்றாகப் பழுத்த மாம்பழக் கூழும் கெட்டித் தயிரும் சமமாகக் கலந்து குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அவர்கள் ஓடியாடுகிறவர்கள், அவர்களுக்கு மாம்பழக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். ஜிகர்தண்டா கேட்டால் எப்போதாவது வாங்கிக் கொடுங்கள். நான் பயப்படுவது ஐஸுக்குத்தான். தள்ளுவண்டியில் சாக்குப் பையில் சுற்றி வைத்து உடைத்துப் போடும் கட்டி ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது, கோடையில் வரும் டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, பேதிக்கெல்லாம் அதுவும் ஒரு வழி. சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் உடைத்த தூளில் அதை எங்கே போய்ப் பார்ப்பது. வீட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு வையுங்கள்.

அந்தத் தலைசுற்றலுக்கு வருகிறேன், இதைச் சரியாகப் படியுங்கள். ஜூஸ் கொடுக்கும் முன் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கிளிமெபிரைடு சாப்பிடுகிறவர் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வெயிலில் அலைந்தால் சர்க்கரை இறங்கலாம், தண்ணீர் வற்றியும் தலைசுற்றலாம், இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்த முறை முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் ஜூஸ்தான் மருந்து, ஆனால் பெரிய டம்ளர் இல்லை, அரை டம்ளர், அல்லது மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியிருந்தால் உடனே சாப்பாடு. கருவி கைக்கு எட்டவில்லை, வியர்த்துக் கை நடுங்குகிறது என்றால் காத்திருக்காமல் அந்த அரை டம்ளரைக் கொடுத்துவிடுங்கள். சர்க்கரை 70-க்கு மேல் இருந்தால் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் அல்லது உப்புப் போட்ட நீர்மோர். பேச்சு குழறினாலோ, மயங்கிக் கிடந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடம்பு கொதித்தால் ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.