டைமிங் செயின் சத்தம்: இன்ஜினைப் பிரிக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: என் பெட்ரோல் கார் 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது. மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "டைமிங் செயின் போயிடுச்சு, மொத்தமா மாத்தணும்" என்கிறார். பெரிய செலவு என்பதால் தயங்குகிறேன். சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் இந்தச் சத்தத்துக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்று ஆயில் மாற்றும் செலவோடு முடிந்துவிடும்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அதுவும் பல் பிசகாமல். செயின் தொய்யாமல் இழுத்துப் பிடிப்பது டென்ஷனர். பெரும்பாலான கார்களில் இந்த டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. இரவு முழுக்க வண்டி நிற்கும்போது ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் பிரஷர் ஏறும்வரை செயின் தளர்ந்து, அது ஓடும் பாதையில் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் பட்டையான கைடில் அடிக்கும், பிரஷர் வந்ததும் சத்தம் அடங்கிவிடும். ஆகவே செயின் தேய்ந்திருக்கலாம், டென்ஷனர் பலவீனமாகியிருக்கலாம், அல்லது இரண்டும் நன்றாக இருந்து ஆயில்தான் நேரத்துக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். கடைசியாக ஊற்றிய ஆயிலின் கிரேடு கையேட்டில் உள்ளதுதானா என்று பில்லில் பாருங்கள். அடுத்து ஃபில்டர். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் முழுவதும் வடிந்துவிடாமல் தடுக்க, பல ஃபில்டர்களுக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மட்டமான ஃபில்டரில் அது சரியாக மூடாது. சரியான கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்ட பிறகு, அடுத்த சில காலை ஸ்டார்ட்டுகளில் சத்தம் வரவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆயில் மாற்றும்போதே இன்னொரு காரியமும் செய்யச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிளாஸ்டிக் சில்லுகள் தட்டுப்பட்டால் அவை செயின் கைடிலிருந்து உடைந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். பளபளக்கும் இரும்புத்துகள் நிறைய இருந்தாலும் கவலைப்பட வேண்டியதுதான்.

சத்தம் நிற்கவில்லை என்றால், அது செயின் பக்கத்திலிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஏசி கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர், வெளி பெல்ட்டின் டென்ஷனர், தளர்ந்த ஹீட் ஷீல்டு எல்லாமே இதே மாதிரி சத்தம் போடும். மெக்கானிக்கை வெளி பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, குளிர்ந்த இன்ஜினைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பெல்ட் இல்லாமலும் சத்தம் வந்தால் உள்ளேதான் பிரச்சினை.

அடுத்தது, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறு எண்களை, அதாவது கோடுகளை (code), படிக்கும் ஸ்கேனர். பி0016 முதல் பி0019 வரையிலான கோடுகள், கிராங்க்கும் கேமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சொல்பவை. இவை வந்தால் செயின் மேல் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் சென்சாரோ வயரிங்கோ கெட்டிருந்தாலும் இவை வரலாம். பி0011 வந்தால் உடனே செயினைக் குற்றம் சொல்லக் கூடாது. அழுக்கான ஆயிலாலோ, கேம் டைமிங்கை மாற்றும் சோலனாய்டு சிக்கிக்கொள்வதாலோ அது வரும். சோலனாய்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது சின்ன வேலை. கோடே வராமலும் செயின் தேய்ந்திருக்கலாம் என்பதால், கேம் கோணம் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற லைவ் டேட்டாவையும் எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகத்தான் அளவு. பேச்சுவழக்கில் செயின் இழுத்துவிட்டது என்பார்கள். உண்மையில் ஒவ்வொரு கண்ணியையும் கோக்கும் பின் என்ற சிறு ஊசியும், அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அத்தனை தேய்மானமும் சேர்ந்துதான் நீளமாகிறது. நீளம் கூடக் கூட டென்ஷனரின் பிளஞ்சர், அதாவது செயினை அழுத்தும் தண்டு, வெளியே நீட்டிக்கொண்டே போகும். பல இன்ஜின்களில் ஒரு பிளக்கைக் கழற்றினாலோ, ஹெட் கவரைத் திறந்தாலோ, அல்லது சிறு கேமராவை உள்ளே விட்டாலோ பிளஞ்சர் எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம். எத்தனை பல் வரை போகலாம் என்பது அந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். "செயின் போயிடுச்சு" என்பவரிடம் கேட்க வேண்டியது இந்த அளவைத்தான். எடுத்துக் காட்டினால் நம்புங்கள். எடுக்க முடியாது என்றால், எடுத்துக் காட்டுகிற இன்னொருவரிடம் போங்கள்.

கேள்வி: அளந்து பார்த்ததில் செயின் தேய்ந்தது உறுதியாகிவிட்டது. எஸ்டிமேட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. செயினை மட்டும் மாற்றிக் குறைவாக முடிக்க முடியாதா?

பதில்: மிச்சம் பிடிக்க வேண்டியதெல்லாம் கவரைத் திறப்பதற்கு முன்னால்தான். திறந்துவிட்டால் கஞ்சத்தனம் உதவாது. எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பாகங்களை விடக் கூலிதான் அதிகமாக இருக்கும். செயின் இன்ஜினின் முன்பக்கம் இருந்தால் வண்டியிலேயே வைத்து முடித்துவிடலாம். சில இன்ஜின்களில் அது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் தொட முடியாது. இவ்வளவு கூலி கொடுத்து உள்ளே போன பிறகு பழைய கைடை அப்படியே விட்டால், அது உடையும் நாளில் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் செயின், டென்ஷனர், கைடுகள், செயின் மாட்டும் பல்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகள் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லின் மேல் புதுச் செயினைப் போட்டால் புதுச் செயினும் சீக்கிரம் தேயும். கிராங்க் ஆயில் சீல், கேஸ்கெட், ஒருமுறை மட்டுமே முறுக்கக்கூடிய போல்ட்டுகள் ஆகியவற்றையும் விடக் கூடாது. வாட்டர் பம்ப் இந்தச் செயினிலேயே ஓடும் இன்ஜினாக இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுவது லாபம்.

குறைக்கக்கூடிய இடங்களும் உண்டு. கேம் டைமிங்கை மாற்றும் ஃபேஸர் விலை கூடியது. அதில் ஆட்டம் இருக்கிறதா, அதைப் பூட்டும் ஊசி (பின்) பிடிக்கிறதா என்று பார்த்து, நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். டென்ஷனரை வெளியிலிருந்தே கழற்றும் வசதி இருந்து, செயினின் அளவு வரம்புக்குள் இருந்தால் டென்ஷனர் மட்டும் போதும். உங்கள் வண்டியில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. சில இன்ஜின்களில் முன் கவரைத் திறக்காமலே பழைய செயினை மேலே வெட்டி, அதன் முனையில் புதுச் செயினைக் கோத்து, இன்ஜினைச் சுழற்றி உள்ளே இழுத்து ரிவெட் அடிப்பார்கள். அதற்கான கருவியும் கைப்பழக்கமும் உள்ளவர் செய்தால் இது முறையான வேலைதான், கூலி வெகுவாகக் குறையும். ஆனால் கைடுகள் பழையவையாகவே இருக்கும் என்பதால், கேமராவில் அவை நன்றாகத் தெரிந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

பாகங்களை நீங்களே வாங்கித் தருவதானால் வண்டி மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு இன்ஜின்கள் வரும். இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் கொடுத்து பார்ட் நம்பரைச் சரிபாருங்கள். பெயர் தெரியாத கம்பெனியின் மலிவு கிட் வேண்டாம். உங்கள் இன்ஜின் வகையில் பலருக்கும் இதே கோளாறு வந்திருந்தால், தயாரித்த நிறுவனம் வாரன்டியை நீட்டித்திருக்கவோ செலவில் ஒரு பங்கை ஏற்கவோ கூடும். சர்வீஸ் பில்களோடு போய் டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வேலைக்குச் சம்மதிக்கும் முன் கூலி தனியாகவும் பாகங்கள் தனியாகவும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்கள் உங்களிடம் வர வேண்டும். கேம்களைப் பூட்டும் கருவி அந்த இன்ஜினுக்கு உரியது இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இதைச் செய்யாமல் சாவியைத் திருப்புகிற இடத்தில் என் வண்டியை நான் விடமாட்டேன்.

கேள்வி: பணம் புரட்ட ஒரு மாதம் ஆகும். அதுவரை ஓட்டலாமா?

பதில்: பெரும்பாலான இன்றைய இன்ஜின்களில் செயின் சில பல் தாண்டினாலே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். வால்வு வளைந்தால், வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும், செலவு பல மடங்காகிவிடும். இன்ஜின் சூடான பிறகும் சத்தம் இருந்தாலோ, இன்ஜின் விளக்கு எரிந்து இழுவை குறைந்தாலோ ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், டோ செய்து கொண்டுபோங்கள். அளவும் வரம்பைத் தாண்டிவிட்டது என்பதால், குளிரில் மட்டும் சத்தம் வந்தாலும் வண்டியை நிறுத்தி வைப்பதுதான் என் யோசனை. தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சரிவில் கியரை மட்டும் நம்பி நிறுத்தவும் வேண்டாம். வண்டி நகர்ந்து இன்ஜின் பின்னோக்கிச் சுற்றினால், தளர்ந்த செயின் பல் தாண்ட அதுவே போதும்.

கேள்வி: ஆயிலில் கலக்கும் திரவம் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே?

பதில்: கெட்டியான திரவம் சத்தத்தைச் சில நாள் அமுக்கலாம். தேய்ந்த பின்னையும் புஷ்ஷையும் எந்தத் திரவமும் திரும்ப வளர்க்காது. அந்தக் காசை கிட்டுக்காகச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். செயின் உள்ள இன்ஜின் என்பதால் மாற்றும் செலவே இல்லை என்கிறார் விற்பவர். உண்மையா?

பதில்: டைமிங் பெல்ட்டுக்கு உள்ளது போல இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்ற கெடு பல கையேடுகளில் செயினுக்கு இல்லை. ஆயில் ஒழுங்காக மாற்றிய செயின் மிக நீண்ட காலம் உழைக்கும் என்பதும் உண்மைதான். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் அதில் சேரும் கரித்துகளும் அழுக்கும் உப்புத்தாள் போலச் செயினை அராவும். எனவே ஓடிய தூரத்தை விட ஆயில் மாற்றிய பில்களை உற்றுப் பாருங்கள், தேதியும் கிலோமீட்டரும் சீராக இருக்கிறதா என்று. பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சத்தத்தைத் தீர்த்துவைத்திருக்கிறார்கள், மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில் கடகடப்பு கேட்டு, அப்படியும் வண்டி உங்களுக்குப் பிடித்திருந்தால், முழு கிட்டும் கூலியும் சேர்த்து ஒரு எஸ்டிமேட் வாங்கி விற்பவர் முன் வைத்து, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.